பார்ட்ஸ் வாங்கி ரைஃபிள் கோர்க்கலாமா? காரைக்குடி பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பதில்

(காட்சி: கடை வாசலில் சாத்தி வைத்த ஒரு தேக்கு நிலை. பக்கத்தில் ஒரு கதவு.)

இந்த நிலை இடித்த ஒரு செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்தது. கதவு வேறு வீட்டுடையது. இரண்டும் பர்மா தேக்குதான், ஆனால் மாட்டினால் மேலே அரை அங்குலம் இடிக்கிறது. "இழைச்சுக்கலாம் தம்பி" என்கிறார் கடைக்கார அண்ணன். கதவை இழைத்தால் யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். துப்பாக்கியில் இந்த வேலையைச் செய்தால் குறைந்தது 7 வருடம், கூடினால் ஆயுள்!

அமெரிக்க வீடியோக்களில் ஒருவர் மேசையில் பாகங்களைப் பரப்பி ரைஃபிள் கோர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சட்டப்படி 'துப்பாக்கி' என்றால் சீரியல் நம்பர் உள்ள ரிசீவர், அதாவது மற்ற பாகங்களைத் தாங்கும் நடு உடல், மட்டும்தான். மற்றதெல்லாம் கூரியரில் வீட்டுக்கே வரும். நம் ஊர்க் கதை வேறு. 1878-ல் வெள்ளைக்காரன் ஒரு ஆயுதச் சட்டம் போட்டான், 1959-ல் நாம் ஒன்று போட்டோம், 2016-ல் விதிகள் வந்தன. வரலாறு முடிந்தது. முக்கியமானது இதுதான்: 1959 சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள்ளேயே அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும் அடங்கும். உரிமம் இல்லாமல் தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு நான் முதலில் சொன்ன அந்தத் தண்டனை. உரிமம் உள்ளவரும் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. முன்பு மூன்று.

அப்படியானால் நமக்கு என்ன மிச்சம்? வெடிமருந்து இல்லாமல் காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிள். குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்குள், வாய் ஆற்றல் (குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதற்கு உள்ள ஆற்றல்) 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் வேண்டும். 5.5 மில்லிமீட்டர், அதாவது பாயிண்ட் டூ டூ துளை என்றால் உரிமம் கேட்பார்கள்.

20 ஜூல் எவ்வளவு? 0.53 கிராம் பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு, வினாடிக்கு 240 மீட்டரில் போனால் சுமார் 15 ஜூல். அதே பெல்லட் 275-ஐத் தொட்டால் 20 வந்துவிடும். "பெரிய ஸ்பிரிங் போட்டுத் தரேன், சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்" என்று ஒருவர் சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் கச்சிதமாக உட்காரும். சட்டத்துக்குள் உட்காருமா என்பதுதான் கேள்வி.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். குறி பார்க்க ரைஃபிள் மேல் மாட்டும் தொலைநோக்கி, ஸ்கோப்!

என் முதல் ஸ்கோப் பார்க்க அம்சமாக இருந்தது. பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப், ஆகவே ஏர் ரைஃபிளுக்குத் தாராளம் என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் உள்ளே இருந்த குறுக்குக் கோடு சாய்ந்து தொங்கிவிட்டது. ஏன் தெரியுமா?

மதுரை பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பாருங்கள். கிளம்பும்போது பின்னால் சாய்வோம். பிரேக் அடித்தால் முன் சீட்டு ஆச்சியின் மடியில் விழுவோம். வெடிமருந்துத் துப்பாக்கியின் உதை முதல் வகை, பின்பக்கம் மட்டும். அதற்கான ஸ்கோப்பை அதைத் தாங்கத்தான் கட்டுவார்கள். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் பிஸ்டன் முன்னே பாயும்போது உடல் பின்னே வரும். பிஸ்டன் முனையில் போய் நின்றதும் அதே உடல் முன்னே உதறும். கிளம்பலும் பிரேக்கும் ஒரே நொடிக்குள்! அதனால் பெட்டியில் 'ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முன்கூட்டியே காற்று அடைத்த பிசிபி வகையில் இந்த உதறல் அநேகமாக இல்லை.

(காட்சி: வெர்னியர் காலிப்பர், ரைஃபிளின் ரயில் அருகில். ரயில் என்றால் ஸ்கோப் மாட்டும் மேல் தண்டவாளம்.)

அப்புறம் அளவு. ஏர் ரைஃபிள் ரயில் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் அகல டவ்டெயில் வகை. பிக்காட்டினி என்ற இன்னொரு வகை ரயில் கிட்டத்தட்ட 21. ஸ்கோப்பை ரயிலில் பிடிக்கும் மவுண்ட் மாறினால் அந்த நிலையும் கதவும்தான். ஸ்கோப் குழாயும் பெரும்பாலும் 25.4 அல்லது 30 மில்லிமீட்டர், மவுண்ட் வளையத்தை அதற்கேற்ப வாங்குங்கள். பெல்லட் போடாமல் சுட்டுப் பார்க்காதீர்கள், பிஸ்டன் போய்விடும்.

உரிமம் வேண்டாம் என்பதற்காகக் கவுதாரியும் மயிலும் சுட முடியாது. 1972 வனவிலங்குச் சட்டம் தனியாகக் காத்திருக்கிறது. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. நீங்கள் அட்டையில் சுடுங்கள். ஒலிம்பிக் 10 மீட்டர் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். கவுதாரியை விட அது கஷ்டம்.

கடைசியாக, எப்போதும் வரும் கேள்வி: "இரண்டாங்கட்டுப் பரணில் ஐயா காலத்துத் துப்பாக்கி கிடக்கிறது, அது பழம்பொருள்தானே?" பழசு என்பது மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு. அதை நீங்களே முடிவு செய்யாமல் காவல் நிலையத்தில் கேளுங்கள்.

உங்கள் ரயில் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து கமெண்ட்டில் போடுங்கள், எந்த மவுண்ட் என்று சொல்கிறேன். பரண் துப்பாக்கியின் படத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். போன வீடியோவில் மூன்று பேர் போட்டார்கள்.