கோட்டம் எடுக்க ஆள் இருக்கா?

வணக்கம் நேயர்களே. பைக் வீலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எஞ்சின், சிசி, மைலேஜ் என்று பேச ஊரில் ஆயிரம் பேர் உண்டு. வீலைப் பற்றி மட்டும், வண்டியை வாங்கி ஓட்டி எங்கேயாவது நடுக்காட்டில் நின்ற பிறகுதான் எனக்குப் போன் வரும். இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. "அண்ணே, அட்வென்ச்சர் பைக் புக் பண்ணப் போறேன், ஸ்போக்ஸ் எடுக்கவா, அலாய் எடுக்கவா?" என்று முன்கூட்டியே கேட்கிறார்கள். அட்வென்ச்சர் பைக் என்றால் கல்லிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கென்ற வண்டி; ஸ்போக்ஸ் கம்பி வைத்த வீல், அலாய் ஒரே துண்டாக வார்த்த வீல். நான் திருப்பி ஒன்றுதான் கேட்பேன்: "தம்பி, எங்கே போய் மாட்டிக்கிறதா உத்தேசம்?"

கிண்டலாகக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

என் அப்பா தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு வேலை கோட்டம் எடுப்பது, அதாவது வளைந்த வீலை நேராக்குவது. வீலை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடிக்க வேண்டும், எங்கே உரசிக் கோடு விழுகிறதோ அங்கேதான் கோட்டம். அந்த இடத்தில் ஒரு பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று முறுக்கி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி சுற்றிப் பார்த்து, மறுபடி முறுக்கி... பொறுமை இல்லாதவன் ஒரேயடியாக அரைச் சுற்று முறுக்கினால் இந்தக் கோட்டம் போய் அடுத்த கோட்டம் வந்து நிற்கும். "கம்பிக்குத் தள்ளத் தெரியாதுடா, இழுக்க மட்டும்தான் தெரியும்" என்பார் அப்பா. ஸ்போக்ஸ் வீலின் மொத்த சூட்சுமமும் அதுதான். எல்லாக் கம்பிகளும் ரிம்மை நடுவை நோக்கி இழுத்துப் பிடித்திருக்கின்றன, ஓரிடத்தில் அடி விழுந்தால் அந்த அடி பல கம்பிகளுக்குப் பிரிந்து போகிறது, ரிம் கொஞ்சம் நெளிந்து கொடுக்கிறது. ஒரு கம்பி தளர்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவிகூட வேண்டாம், ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போனால் இறுகியது கணீர் என்று பாடும், தளர்ந்தது டொக் என்று சொல்லும். பெரிய பயணத்துக்கு முந்தின நாள் நான் இன்றைக்கும் இதைச் செய்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு இது ஒரு வேடிக்கை.

அலாய் வேறு ஜாதி. அலுமினியக் கலவையை உருக்கி அச்சில் வார்த்தது, ஒரே துண்டு. கோட்டம் எடுக்கத் தேவையில்லை, கம்பியில் துரு இல்லை, கழுவுவது சுலபம். ஆனால் பலமான அடி விழுந்தால் விளிம்பு மடங்கும், இல்லையென்றால் விரிசல் விடும். பெண்டு எடுப்பதற்கென்றே நகரங்களில் கடைகள் இருக்கின்றன, லேசான மடிப்பென்றால் சரி, கொடுக்கலாம். விரிசல் விட்ட வீலை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றால் மட்டும் தயவுசெய்து வேண்டாம். அந்த வண்டியில் நான் ஏறமாட்டேன், உங்களையும் ஏறவிடமாட்டேன்.

அலாயின் பெரிய லாபம் டியூப் இல்லாததுதான். ஸ்போக்ஸ் ரிம்மில் கம்பி மாட்டும் நிப்பிள்களுக்காகச் சுற்றிலும் ஓட்டை போட்டிருப்பார்கள், காற்று அந்த வழியாகப் போய்விடும் என்பதால் உள்ளே டியூப் வைத்தே ஆகவேண்டும். ஆணி குத்தினால் டியூப் கிழிந்து காற்று சடாரென்று இறங்கிவிடும். டியூப்லெஸ்ஸில் டயரே ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், காற்று மெல்ல மெல்லத்தான் கசியும். உளுந்தூர்பேட்டை தாண்டி நான்குவழிச் சாலையில் 90-ல் போகும்போது, முன்சக்கரத்தில் இது நடப்பதற்கும் அது நடப்பதற்கும் உயிர் அளவுக்கு வித்தியாசம். ஒட்டுவதும் அப்படித்தான். ஆணியைப் பிடுங்கி, பிசின் தடவிய ரப்பர் திரியைத் திணித்து, காற்றடித்தால் முடிந்தது, வீலைக் கழற்றவே வேண்டாம்.

அப்புறம் ஏன் எல்லோரும் அலாயே வாங்கக்கூடாது? அதற்கு இமாச்சலப் பிரதேசத்து ஸ்பித்திப் பள்ளத்தாக்குக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் நானும் ஒரு நண்பனும் வண்டிகளை ரயிலில் சண்டிகருக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து மணாலி போய், அடல் சுரங்கம் வழியாக லாகுல் பக்கம் இறங்கி, கிராம்பூவிலிருந்து பாத்தலுக்குப் போனோம். சாலை என்று சொல்வது மரியாதைக்கு. ஆற்றுப்படுகையில் கிடக்கிற கூழாங்கல்லும் பாறையும்தான் வழி, நடுநடுவே பனி உருகி வருகிற ஓடைகளில் இறங்கி ஏற வேண்டும். கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், ஒரு பகல் முழுக்க ஆனது. என் வண்டிக்கு முன்னால் 21 அங்குல ஸ்போக்ஸ், உள்ளே டியூப். அவனுக்கு 19 அங்குல அலாய், டியூப்லெஸ். கம்பெனிப் பெயரெல்லாம் எதற்கு.

மலை ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறைவதால், டயருக்குள் அதே காற்று இருந்தாலும் காற்றை அளக்கிற கேஜில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தின் அளவு) கூடக் காட்டும். சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். டயர் கல் மாதிரி இருக்கிறதே என்று அன்று மாலை நான் தாராளமாக இறக்கிவிட்டேன். ராத்திரி பாத்தலில் குளிர் எலும்பைப் பிடித்தது, குளிரில் காற்று இன்னும் சுருங்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. காலையில் குன்சும் கணவாய்க்கு ஏறும்போது ஒரு கூர்ப்பாறை, டங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ரிம்முக்கும் பாறைக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு. ரைடர்கள் இதைப் பாம்புக்கடி என்பார்கள். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் ஆக்சிலைக் கழற்றி, லீவர் போட்டு டயரை நெம்பி, இரண்டு ஒட்டு ஒட்டி, கைப்பம்பில் காற்றடித்து முடிக்க இரண்டு மணி நேரம். இருபது அடி அடித்தால் மூச்சு வாங்கிக் கீழே உட்கார வேண்டும். நண்பன் ஒரு பாறையில் சாய்ந்துகொண்டு, "டியூப்லெஸ் வாங்குடான்னு சொன்னேன்ல மச்சான்" என்று எட்டு தடவை சொன்னான், எண்ணினேன்.

கணவாய் தாண்டி லோசர் பக்கம் இறங்கும்போது அவனுக்கு வந்தது. வேகமாகப் போய் ஒரு பள்ளத்தின் உதட்டில் அடித்து, அலாயின் விளிம்பு ஒரு விரல் அகலத்துக்கு மடங்கிவிட்டது. டயருக்கு ஒன்றுமே இல்லை, ஓட்டையே இல்லை, ஆனால் விளிம்போடு டயர் ஒட்டி நிற்காததால் அடிக்கிற காற்றெல்லாம் புஸ் என்று வெளியே போனது. அவனிடம் இருந்த ரப்பர் திரியை எங்கே திணிப்பது? அந்த வழியாக வந்த ஒரு லாரிக்காரர், "கோயி பாத் நஹீ, பையா" (பரவாயில்லை, தம்பி) என்று இறங்கி, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் முடிந்தவரை தட்டி நிமிர்த்தினார். அப்புறம் என்னிடம் மிச்சமிருந்த ஒரே ஸ்பேர் டியூபை, 21 அங்குலத்துக்கானதை, அவன் 19 அங்குல அலாய்க்குள் மடிப்பு விழாமல் திணித்தோம். அதில்தான் காஸா போய்ச் சேர்ந்தான். காஸாவில் பஞ்சர் ஒட்ட ஆள் இருந்தார், என் கம்பிகளைத் தட்டிப் பார்த்துக் கோட்டம் எடுத்துக்கொடுக்கவும் ஆள் இருந்தார். அலாய் பெண்டுக்குக் கையை விரித்துவிட்டார்கள்.

சரி, இரண்டின் நல்லதும் ஒரே வீலில் கிடைக்காதா? கிடைக்கும், பழைய விஷயம்தான். பிஎம்டபிள்யூ 1987-லேயே ஆர் 100 ஜிஎஸ் வண்டியில் கம்பிகளை ரிம்மின் நடுவில் மாட்டாமல் வெளி ஓரங்களில் மாட்டியது. காற்று நிற்கிற பகுதியில் ஓட்டையே இல்லாததால் ஸ்போக்ஸ் வீலிலேயே டியூப்லெஸ் டயர் போட முடிந்தது. நம் பக்கத்தில், சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450, 2023 நவம்பரில் டியூபோடுதான் வந்தது, அடுத்த வருஷம் டியூப்லெஸ் ஸ்போக்ஸ் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. காசு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். சாதாரண ஸ்போக்ஸ் ரிம்மில் நிப்பிள் மேல் டேப் ஒட்டி டியூப்லெஸ் ஆக்கித் தருகிறோம் என்பவர்களிடம் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: காற்று இறங்கினால் டயர் உள்ளே நழுவாமல் பிடிக்கிற மேடு அந்த ரிம்மில் இருக்கிறதா? டியூப் ரிம்கள் பலவற்றில் அது இருக்காது.

அளவு விஷயத்தில் சண்டை வேண்டாம் என்பேன். ஹிமாலயன், ஹீரோ எக்ஸ்பல்ஸ் இரண்டுக்கும் முன்சக்கரம் 21 அங்குலம், முதலில் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சர், ஓசூரில் செய்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் இரண்டுக்கும் 19. டயரோடு சேர்த்து அளந்தால் 90/90-21 என்ற டயர் (கடைசி எண்தான் அங்குலம்) கிட்டத்தட்ட 695 மில்லிமீட்டர் உயரம், 100/90-19 என்றால் 663, சாதாரண தெரு பைக்கின் 110/70-17 வெறும் 586. பெரிய சக்கரம் கல்லின் மேல் ஏறிப் போகும், சின்னது முட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் 21 ஒல்லி, தார் ரோட்டில் திரும்பக் கொஞ்சம் சோம்பல் படும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் 19 வைத்திருப்பவன் சிரித்துக்கொண்டே முன்னால் போவான், நான் பின்னால் போயிருக்கிறேன்.

அதனால்தான், எங்கே போய் மாட்டிக்கிறதா உத்தேசம் என்ற அந்தக் கேள்வி. உங்கள் அட்வென்ச்சர் ஈசிஆரும் ஏற்காடும், நடுவில் வாரம் ஐந்து நாள் ஆபீஸும் என்றால், 19 அங்குல அலாய் வாங்கி நிம்மதியாக இருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்லும் ஓடையும்தான் ஆசை, நாள் கணக்கில் ஊரே வராது என்றால் ஸ்போக்ஸ் வாங்குங்கள், கூடவே வீட்டு வாசலில் ஒரு தடவையாவது டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். முதல் தடவை எனக்கு லீவரிலேயே புது டியூபைக் கிழித்துக்கொள்ளத்தான் தெரிந்தது. அலாய்க்காரர்களும் சீட்டுக்கடியில் ஒரு டியூப் போட்டு வையுங்கள்.

என் நண்பன் சென்னை வந்து புது அலாய் மாற்றிவிட்டான். டியூபை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டால், "இருக்கட்டும் மச்சான், சீட்டுக்கடியில்தான் வெச்சிருக்கேன்" என்கிறான். வணக்கம்.