மேசையில் ஒயருக்கு ஓட்டை போடுமுன்

வணக்கம், நேயர்களே. சுங்கை சிப்புட்டில் தச்சு வேலை செய்பவன் என்று தொகுப்பாளரே சொல்லிவிட்டார், நேராக விஷயத்துக்கு வருகிறேன். இப்போதெல்லாம் புதுச் சாமான் செய்யக் கூப்பிடுவதைவிட, இருக்கிற சாமானில் ஓட்டை போடத்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். டிவி அலமாரி, பிள்ளைகளின் படிப்பு மேசை, சாமி மேடை, எதன் பின்னால் பார்த்தாலும் ஒயர்.

பலரும் ஒயரின் பருமனைத்தான் அளக்கிறார்கள். அளக்க வேண்டியது பிளக்கின் தலையை. நம் மலேசிய மூன்று பின் பிளக் ஏறக்குறைய 5 செண்டிமீட்டர் அகலம். அது நுழைய 60 மில்லிமீட்டர் ஓட்டையாவது வேண்டும். சில சார்ஜர்கள் அதிலும் நுழையாது. எச்டிஎம்ஐ, யூஎஸ்பி மட்டும் என்றால் 35 போதும். அலமாரிக் கீலுக்குக் குழி எடுக்கும் பிட்டும் அதே அளவுதான், எந்தத் தச்சரிடமும் இருக்கும். சிறிய ஓட்டை போட்டுவிட்டு, பிளக்கை வெட்டி ஒயரை நுழைத்து டேப் சுற்றுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஓட்டையின் வாய்க்குப் போடும் பிளாஸ்டிக் மூடியை முதலில் வாங்கி, அதன் கழுத்தை அளந்து பிட் எடுங்கள்.

இனி மரம். 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் கன்றாக நட்ட அதே பால்மரம், அதாவது ரப்பர் மரம், ஒரு காலத்தில் பால் வற்றினால் விறகுக்குத்தான் போனது. இன்று மேசை நாற்காலியாக வீட்டுக்குள் வருகிறது. கெட்டியான ரப்பர் பலகை சொன்னபடி கேட்கும். பாடாய்ப்படுத்துவது மரத்தூளை அழுத்திச் செய்து மேலே வழவழப்பான தாள் ஒட்டிய சிப்போர்டுதான். பிட் வெளியே வரும் பக்கத்தில் தாள் பொத்துக்கொண்டு உரியும்.

அதனால் ஒரே பக்கமாகக் குடைந்து தள்ளாதீர்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேலேயே நடுப்புள்ளி குறித்து, மெல்லிய பிட்டால் நேராக மறுபக்கம் வரை ஒரு துளை. அப்புறம் வட்டமாக வெட்டும் ரம்பப் பிட்டை, அதாவது ஹோல் சாவை, கண்ணில் படும் பக்கத்தில் வைத்துப் பாதி ஆழம் மட்டும். மீதியை அடிப்பக்கத்திலிருந்து, அதே துளையைப் பிடித்துக்கொண்டு போடுங்கள். பிசிறு விழுந்தாலும் பலகையின் நடுவில்தான் விழும், வெளியே தெரியாது.

டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். தூள் வெளிறி உதிர்ந்தால் சரி. பழுப்பாகி, கருகல் வாடை வந்தால் பற்களில் தூள் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். வெளியே எடுத்துத் தட்டிவிட்டுத் தொடருங்கள். அமுக்கினால் ஓட்டையின் சுவர்தான் கருகும். அலமாரியின் மெல்லிய பின்பலகைக்கு இரண்டு பக்கம் போடும் வேலை ஒத்துவராது. பின்னால் ஒரு கழிவுப் பலகையை இடைவெளி இல்லாமல் கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டையும் சேர்த்துத் துளையுங்கள்.

சிப்போர்டு என்றால் வெட்டுவாயில் மரப்பசை தடவிக் காயவிடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது சீக்கிரம் ஊதிவிடும்.

சாமி மேடைக்கு மட்டும் ஒன்று. அடிப்பலகையில் ஓட்டை போட்டால் எண்ணெயும் தீர்த்தமும் ஒயர் வழியே இறங்கும். பின்பலகையில், குத்துவிளக்கின் சூடு படாமல் தள்ளி, கொஞ்சம் உயரத்தில் போடுங்கள். நன்றி, வணக்கம்.