ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தமிழ்த் திருச்சபைகள் வளரப் பெரிதும் துணைநிற்பது வெளியே சென்று செய்யும் ஊழியமா, உள்ளே உருவாக்கும் தலைமைத்துவமா என்பது இன்றைய தலைப்பு. தலைமைத்துவமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அப்போஸ்தலர் நடபடிகளை எடுத்துக்காட்டினார். பெந்தெகொஸ்தே நாளில் 3,000 பேர், நான்காம் அதிகாரத்தில் ஆண்கள் மட்டுமே 5,000 பேர், எல்லாம் பிரசங்கத்தால் வந்தவர்கள் என்றார். உண்மைதான். ஆனால் ஐயா நான்காம் அதிகாரத்தோடு வேதாகமத்தை மூடிவிட்டார். ஆறாம் அதிகாரத்தையும் பார்ப்போம். சீஷர்கள் பெருகியதும் வந்தது முறுமுறுப்பு. கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் பங்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ஆள் சேர்ந்த வேகத்துக்குக் கவனிக்க ஆள் இல்லை. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்திலிருந்து மனக்குறை கிளம்பியதோ, அந்தப் பக்கத்தாரிடமே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள்! அதற்குப் பிறகுதான் ஏழாம் வசனம் வருகிறது: எருசலேமில் சீஷர் தொகை மிகவும் பெருகியது, ஆசாரியர்களிலும் அநேகர் விசுவாசத்துக்கு வந்தார்கள்.

எதிரணியினர் கொண்டாடிய சுவிசேஷகன் பிலிப்பு, சமாரியாவுக்குப் போனவர், எத்தியோப்பிய மந்திரிக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், யார் தெரியுமா? அந்த ஏழு பேரில் ஒருவர். பந்தி விசாரணையில் பழகியவர்தான் பிறகு வனாந்தர வழியில் நற்செய்தி சொன்னார்.

நம் ஊருக்கு வருகிறேன். வீடு வீடாகப் பாடிப் போகும் டிசம்பர் கீத பவனி, மருத்துவமனைச் சந்திப்பு, ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சாப்பாடு என்று மூன்றைச் சொன்னார்கள். மூன்றும் நல்ல ஊழியங்கள். அந்தச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். துவாஸ் தங்குவிடுதியிலிருந்து ஒரு தம்பி வருகிறார் என்று வையுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் அட்டையில் எழுதிக் கொடுக்கிறார். அட்டை அலுவலக மேசை இழுப்பறைக்குப் போகிறது. அடுத்த ஞாயிறு அவருக்கு ஓவர்டைம். அதற்கடுத்த ஞாயிறு வந்தால், "புதுசா வந்திருக்கீங்களா?" என்று மறுபடியும் கேட்கிறார்கள். அதன்பிறகு அவர் வருவதில்லை. பிரியாணியில் குறையில்லை. அவரைத் தெரிந்த ஒரு ஆள் அங்கே இல்லை.

இதைச் சரிசெய்வது கடினமில்லை. அட்டையில் இரண்டு வரி கூட்டுங்கள்: விடுமுறை எந்த நாள், வேலை எந்த ஷிப்ட். தொடர்புகொள்ளச் சம்மதமா என்றும் கேட்டு வாங்குங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆராதனை முடிந்த அன்றே அட்டைகளைப் பிரித்து, ஓர் அட்டைக்கு ஒருவர் என்று பெயர் எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை இரவுக்குள் அவர் ஒருமுறை அழைத்து நலம் விசாரிக்கட்டும். உபதேசம் அப்போது வேண்டாம். வந்தவர் மறுபடி வரும்போது, அழைத்தவரே பக்கத்தில் உட்காரட்டும். இல்லப் பணிப்பெண்களுக்கு வேறு கணக்கு. 2023 ஜனவரியிலிருந்து, மாதத்துக்கு ஒரு விடுமுறை நாளையாவது முதலாளி பணம் கொடுத்து ஈடுகட்டக் கூடாது என்பது விதி. அந்த ஒரு நாள் மட்டுமே கிடைக்கும் அக்காவை மூன்று வாரம் காணோம் என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது பெரிய தவறு. இதையெல்லாம் யோசித்து ஆளுக்கொரு பொறுப்பாகப் பகிர்ந்து கொடுப்பதைத்தான் நாங்கள் தலைமைத்துவம் என்கிறோம்.

வீட்டுக் கூடுகைக்கு வருவோம். எட்டுப் பேர் நல்ல அளவு. பன்னிரண்டைத் தாண்டினால் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் இடம் நெருக்கும், மூன்று பேர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். அப்போது பிரிக்க வேண்டும். பிரித்த பல குழுக்கள் கலைந்து போவதற்குக் காரணம், இரண்டாவது குழுவுக்குத் தலைவர் தயாராக இல்லாததுதான். ஆகவே முதல் நாளே ஒரு துணைத்தலைவரை வையுங்கள். முதல் மாதம் அவர் பார்க்கட்டும். இரண்டாம் மாதம் ஜெபமும் வேதபாகமும் அவருடையது. மூன்றாம் மாதம் அவர் நடத்த, தலைவர் பேசாமல் உட்கார்ந்திருக்கட்டும் (இதுதான் தலைவர்களுக்கு மிகக் கடினமான மாதம்). நான்காம் மாதம் தலைவர் வரவே வேண்டாம். வாலிபர் குழுவில் இன்னொன்றையும் கவனியுங்கள்: நடத்துகிற பையன் தேசிய சேவைக்குப் போனால் ஈராண்டு அவனை எதிர்பார்க்க முடியாது. அவன் போவதற்குமுன் அடுத்தவர் தயாராக வேண்டும்.

தலைமை என்றால் பதவிச் சண்டை என்றார் எதிரணி அம்மா ஒருவர். அந்த வேதனை எனக்கும் உண்டு. ஒரே ஆள் கையில் எல்லாம் குவிவதால் வரும் நோய் அது. அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை, பொருளாளர் தொடர்ந்து 4 ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. காணிக்கையை ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணட்டும், மூன்றாமவர் வங்கியில் கட்டட்டும்.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தமிழகத்தின் தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். ஆரோன் என்ற தமிழர் அங்கே குருவாக அபிஷேகம் பெற்றது 1733இல். இடையில் 27 ஆண்டுகள். அவ்வளவு காலம் நம்மால் காத்திருக்க முடியாது. 2019இல் திருத்தப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, சமய அமைப்புகளின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும்; நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் குடிமக்களாக இருக்க வேண்டும். ஆகவே இங்குள்ள பிள்ளைகளை இப்போதே பழக்குங்கள். ஞாயிற்றுப் பந்தியையோ, எருசலேமில் செய்ததுபோல, தங்குவிடுதித் தம்பிகள் கையிலேயே கொடுங்கள்.

நடுவர் அவர்களே, எதிரணியிடம் ஒரே கேள்வி. வரும் டிசம்பர் கீத பவனியால் பத்துப் பேர் புதிதாக வந்தால், ஜனவரி முதல் வாரத்தில் அவர்களை அழைத்துப் பேசப்போகிற பத்துப் பேரின் பெயர்களை இன்றைக்கே சொல்ல முடியுமா? நன்றி, வணக்கம்.