ஆடாமல் நில்லுங்கள் ஐயா
(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வேறொரு நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு நமக்காக வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய்மார்களே, நாற்காலி போதாமல் பக்கத்துத் திருமண மண்டபத்திலிருந்து தன் சொந்தப் பொறுப்பில் நாற்பது நாற்காலிகளை வரவழைத்த நூலகர் தம்பி அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தரும் வழக்கத்தை இந்த வாசகர் வட்டம் விடாமல் காத்துவருவதற்குத் தனியாக ஒரு வணக்கம்.

'பள்ளிப் பிள்ளைகளுக்கு வாழ்வியல் திறன்' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். தன் மனத்தைத் தான் அறிவது ஒன்று. பிறரோடு ஒத்து வாழ்வது இரண்டு. வங்கிச் சலானை நிரப்புவது முதல் பேருந்தில் மிச்சச் சில்லறையைக் கேட்டு வாங்குவது வரையுள்ள அன்றாடக் காரியங்கள் மூன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தப் பழமொழியை நான் எல்லா மேடைகளிலும் சொல்லித் தேய்த்துவிட்டதாக என் துணைவியாருக்கு ஒரு குறை உண்டு. தேய்ந்தாலும் சுரைக்காய் இன்னும் ஏட்டில்தான் இருக்கிறது, என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனம் 1993இல் பள்ளிகளுக்கென்று பத்துத் திறன்களை வகுத்துத் தந்தது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், உணர்ச்சியைக் கையாளுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல் என்று அந்தப் பட்டியல் போகிறது. நல்ல பட்டியல்தான். நம் வள்ளுவரோ 'உலகத்தோ டொட்ட ஒழுகல் பலகற்றும் கல்லார் அறிவிலா தார்' என்று ஒரே குறளில் முடித்துவிட்டார். பலவும் கற்ற பிறகும் ஒருவன் கல்லாதவனாக இருக்க முடியும் என்கிறார் பாருங்கள், அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் ஆசிரியனாகிய எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

பட்டியல் நம்மிடம் இருக்கிறது. பள்ளிச் சுவர்களில் 1098, 14417 என்று உதவி எண்களை எழுதி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் மனக்குறையை எழுதிப் போட 'மாணவர் மனசு' என்று பெட்டியும் வைத்தோம். ஆனால் அழுகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் யார் என்பதுதான் என் கேள்வி. இதற்கு விடையாக எனக்கு ஒரு சட்டைப் பொத்தானின் கதைதான் தெரியும்.

2013 என்று நினைவு. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கு ஆண்டாய்வு. முதன்மைக் கல்வி அலுவலர் பத்து மணிக்கு வருகிறார் என்றால் ஒன்பது மணிக்கே எனக்கு வியர்வை. பதிவேடுகளைத் தூக்கப்போய் அலமாரிக் கைப்பிடியில் மாட்டி, என் வெள்ளைச் சட்டையின் நடுப்பொத்தான், சரியாக வயிற்றுக்கு நேரே இருந்த பொத்தான், தெறித்து ஓடிவிட்டது. எனக்கு அப்போதே வயிறு கொஞ்சம் முன்னால்தான் இருக்கும். தையல் ஆசிரியையைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். 'ஐயா, இன்று அவர் வரும் நாள் இல்லை' என்றார் எழுத்தர். அவர் மேல் எரிந்து விழுந்தேன்; தண்ணீர் கொண்டுவந்த அம்மாவின் மேல் எரிந்து விழுந்தேன்; மணி அடிக்கிற பையனிடம் ஏன் மணி அடிக்கவில்லை என்று கேட்டுவிட்டு, அடித்ததும் ஏன் அடித்தாய் என்று கேட்டேன்.

அப்போது வாசலில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நின்றான். காலாண்டுத் தேர்வில் கணக்கில் பதினொரு மதிப்பெண் வாங்கியதற்காக, வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வா என்று நானே நிற்க வைத்த பையன். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தான். உள்ளே காம்பஸ் இல்லை, புரொட்ராக்டர் இல்லை. ஊசி இருந்தது, சீருடை நிறத்தில் மெரூன் நூல் இருந்தது. மேசைக்கு அடியில் தவழ்ந்து பொத்தானை எடுத்து வந்தான். 'ஆடாம நில்லுங்க சார்' என்றான். நின்றேன். முப்பது ஆண்டுகளாக ஊரையே ஆடாமல் நிற்க வைத்தவன் நின்றேன் ஐயா! என் மூச்சில் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: 'மெதுவா மூச்சு விடுங்க சார். கோபமா இருந்தா ஊசியில நூல் ஏறாதுன்னு தையல் டீச்சர் சொல்வாங்க. மொதல்ல மூச்சு, அப்புறம்தான் நூலு.'

அதிகாரி வந்தார். பதிவேட்டைப் பார்த்ததைவிட என் வயிற்றில் இருந்த மெரூன் முடிச்சைத்தான் அதிகம் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. பையனின் வீட்டிலிருந்து ஆள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உணர்ச்சியைக் கையாளுதல் என்று பத்துத் திறன்களில் ஒன்றாகப் படித்தோமே, அதை அந்தத் தையல் ஆசிரியை பாடமாக நடத்தவில்லை. நூல் கோக்கும்போது சொல்லிக்கொடுத்தார். அவர் யார்? கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது. அந்த வழியில் 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 16,549 பேர் பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டார்கள். ஓவியம், தையல், இசை, கணினி, தோட்டக்கலை ஆகியவற்றோடு வாழ்வியல் திறன் என்றே ஒரு பிரிவும் அதில் இருந்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். படிப்படியாக உயர்ந்து 2023இல் 12,500 என்று அறிவித்தார்கள். மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்று அவர்கள் ஆண்டுதோறும் முறையிட்டு வந்தார்கள். மே மாதத்தில் அவர்கள் வீட்டில் உலை வைக்க மாட்டார்களா? பிள்ளைகளுக்கு மன அழுத்தத்தைத் தாங்கக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியையை ஆண்டுக்கு ஒரு மாதம் அதே அழுத்தத்தில் உட்கார வைத்துவிட்டு, வாழ்வியல் திறன் வளரவில்லையே என்று நாம் கருத்தரங்கம் நடத்தி வந்தோம்.

என் பிழையையும் சொல்லியாக வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் வந்து விளையாட்டு வகுப்பையும் தையல் வகுப்பையும் கடன் கேட்பார். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கடன் திரும்பி வந்ததாகப் பள்ளி வரலாற்றிலேயே இல்லை. வகுப்பையும் பிடுங்கிக்கொண்டோம், அதை நடத்த வந்தவரையும் அரை நாள் ஆளாகவே வைத்துக்கொண்டோம். அப்புறம் சுரைக்காய் ஏட்டில் இல்லாமல் எங்கே இருக்கும்?

இரண்டாவது செய்தியையும் மூன்றாவது செய்தியையும் விரிக்க வேண்டும் என்று வந்தேன். தலைவர் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டார். வங்கிச் சலானை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். பகுதிநேர ஆசிரியர்களை முழுநேரப் பணியில் நிரந்தரமாக்க வேண்டும், அவர்களின் வகுப்பு நேரத்தை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்று இரண்டே கோரிக்கைகளோடு ஒரு விண்ணப்பம் எழுதி வந்திருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்கள் முதலில் கையெழுத்திட வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா பதவியில் இருப்பவர். அவரைச் சங்கடப்படுத்தவில்லை, அவர் படித்துப் பார்த்தால் போதும். தாள் வாசலில் நூலகர் மேசைமேல் இருக்கிறது. பேனாவை யாரும் மறந்து எடுத்துப் போய்விடக் கூடாதென்று மேசைக்காலில் கட்டி வைத்திருக்கிறேன். கட்டியிருப்பது மெரூன் நூல்தான்.

நன்றி, வணக்கம்.