இரவில் வந்த துக்கச் செய்தி: தூங்கி எழுந்து புறப்படுவதே சரி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தாத்தா காலமாகிவிட்டார் என்று இரவில் செய்தி வருகிறது. குடும்பத்தோடு காரில் நெடுந்தூரம் போயாக வேண்டும். உடனே கிளம்புவதா, தூங்கி எழுந்து விடிந்த பிறகு கிளம்புவதா? இதுதான் தலைப்பு. உடனே கிளம்ப வேண்டும் என்ற எதிரணித் தலைவர் மூன்று காரணங்கள் சொன்னார். கடைசியாக முகம் பார்க்க இன்னொரு வாய்ப்பு கிடைக்காது. இரவில் சாலை காலியாக இருக்கும். துக்கத்தில் யாருக்கும் தூக்கம் வராது. மூன்றுமே பாசத்திலிருந்து வந்த பேச்சு, அதை மதிக்கிறேன். ஒரு மணி நேரத் தூரம் என்றால் எங்களுக்குள் வழக்கே இல்லை. நாங்கள் வாதாடுவது ஐந்து, ஆறு, எட்டு மணி நேரப் பயணத்தைப் பற்றி.

மூன்றாவது காரணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உயிர் போவது அங்கேதான்.

காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 11 மணிக்குச் செய்தி வந்தால், அவர் அப்போதே 17 மணி நேரம் விழித்திருக்கிறார். 1997-இல் நேச்சர் இதழில் டாசன், ரீட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் அளவுக்குக் குறைகிறது. பல நாடுகளில் வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பே அந்த 0.05தான். விழிப்பு 24 மணி நேரத்தைத் தொட்டால் சுமார் 0.10. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர், விடியும்போது குடித்தவரைப் போல ஓட்டிக்கொண்டிருப்பார்.

"அழுகிறவனுக்கு எப்படிங்க தூக்கம் வரும்?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வராது, ஒப்புக்கொள்கிறேன். அதிர்ச்சி உடம்பை விறைப்பாக வைத்திருக்கும். ஆனால் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்கத்தைத் தூண்டும் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அழுகை அதைக் கரைக்காது. அதிர்ச்சி அடங்குகிற நேரமும், உடலின் கடிகாரம் அடிமட்டத்துக்கு இறங்கும் அதிகாலை 2 முதல் 6 மணி வரையிலான நேரமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பின்சீட்டில் எல்லோரும் உறங்கியிருப்பார்கள். நேரான சாலை, மாறாத இன்ஜின் சத்தம். அப்போது கண் திறந்தபடியே கூட மூளை சில வினாடி அணைந்து போகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 வினாடி என்பது 110 மீட்டர். தான் தூங்கியது ஓட்டியவருக்கே தெரியாது. கடைசி நாலைந்து கிலோமீட்டர் நினைவில் இல்லை, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டார், வண்டி கோட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது என்றால் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடம்தான் தாங்கும். வெளிக்காற்று வராமல் ஏசி ஓடினால், ஆறேழு பேர் விடும் மூச்சில் கரியமில வாயு ஏறி மந்தம் இன்னும் கூடும். காபி வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதனால் பத்திரமான இடத்தில் நிறுத்தி, காபியைக் குடித்து, உடனே 20 நிமிடம் தூங்கி, எழுந்த பிறகு கால் மணி நேரம் நடந்து மந்தம் தெளிந்தபின் ஓட்டலாம். இதில் கிடைப்பது கொஞ்ச நேரத் தெளிவு. ஒரு முழு இரவை இதை வைத்துக் கடக்க முடியாது.

இரவில் சாலை காலி என்றார்கள். நெரிசல் இல்லை, சரி. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், காய்ந்த சாலையில் ஓட்டுபவர் தெளிவாக இருந்தாலும் நிற்பதற்கு 75 மீட்டருக்கு மேல் எடுக்கும். டிம் லைட் தெளிவாகக் காட்டுவது சுமார் 50, 60 மீட்டர். பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரி கண்ணில் படும்போதே தூரம் தீர்ந்திருக்கும். இதில் எல்லோரும் கவனிக்காத ஒன்று: டிக்கி நிறையச் சுமை ஏற்றினால் காரின் பின்பக்கம் தாழும், முகப்பு விளக்கு மேலே தூக்கும். எதிரே வருபவரின் கண் கூசும், நம் சாலையில் வெளிச்சம் குறையும். பல கார்களில் அதைத் தாழ்த்த டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை ஒரு திருகு இருக்கிறது. அவசரத்தில் கிளம்புகிற குடும்பத்தில் யார் அதைத் தொடுகிறார்கள்?

இப்போது மனதைத் தொடும் காரணத்துக்கு வருகிறேன், கடைசியாக முகம் பார்ப்பது. அதற்கு வழி சாலையில் இல்லை, முதலில் தொலைபேசியில் இருக்கிறது. மூன்று கேள்வி கேட்க வேண்டும். இறுதிச் சடங்கு எத்தனை மணிக்கு? அந்த நேரத்தைத் தள்ளிவைக்கும் முடிவு யார் கையில் இருக்கிறது? அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்? உடலை 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தால் சில நாட்கள்கூடத் தாங்கும் என்பதால், பல வீடுகளில் சில மணி நேரம் தள்ளிவைக்க முடியும். யாரும் கேட்காததால்தான் தள்ளிவைப்பதில்லை. "வந்துடுறோம்" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மணிக்கு வருவோம் என்று சொன்னால் அங்கே இருப்பவர்களும் முடிவெடுப்பார்கள்.

அந்த மணியைப் பின்னிருந்து கணக்குப் போடுங்கள். 360 கிலோமீட்டர், சராசரி மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் 6 மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிட ஓய்வு, அது அரை மணி. எதிர்பாராததற்கு ஒரு மணி. மொத்தம் ஏழரை மணி நேரம். காலை 6:30-க்குக் கிளம்பினால் பிற்பகல் 2 மணி. சடங்கு 4 மணிக்கு என்றால் தாராளமாகப் போகலாம். காலை 10 மணிக்கு என்றால் நம் காரில் போவதையே விட்டுவிட வேண்டும்: தூங்கி எழுந்த ஓட்டுநர் ஒருவரை அமர்த்துங்கள், அல்லது ரயிலோ பேருந்தோ பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், சடங்கு முடிந்த பிறகு போய்ப் பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். வேதனைதான். ஆனாலும் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அந்த வீடு இன்னொரு சாவுச் செய்தியைத் தாங்காது.

நடுவர் அவர்கள் இடையில் கேட்டீர்கள், ஓட்டப்போவது யார் என்று. பெரும்பாலும் தகப்பனை இழந்த மகன்தான். எப்போதும் அவர்தான் ஓட்டுவார், அதனால் இன்று முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்க ஓட்டுநர்களைக் கேமரா வைத்துக் கண்காணித்து 2016-இல் வெளியான ஆய்வு, கோபமோ துயரமோ அழுகையோ வெளியே தெரியும் நிலையில் ஓட்டினால் விபத்து அபாயம் சுமார் பத்து மடங்கு ஆகிறது என்று காட்டியது. ஆகவே ஸ்டியரிங் மருமகனிடமோ, பக்கத்து வீட்டு நண்பரிடமோ, சம்பளத்துக்கு வரும் ஓட்டுநரிடமோ போக வேண்டும். அவர் 12 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழட்டும். பெட்டி கட்டுவது, பாட்டுக்கோ பேச்சுக்கோ அழைப்புக்கோ விழித்திருப்பது எதுவும் அவர் வேலை இல்லை. அவர் போனையும் வாங்கி வேறொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். படுத்தும் தூக்கமே வரவில்லை என்றால் அவர் ஓட்டக் கூடாது; அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-இல் தந்த கணக்குப்படி, 24 மணி நேரத்தில் 4 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களின் விபத்து விகிதம், 7 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிடப் பதினொரு மடங்குக்கும் மேல்.

விடியும்வரை காத்திருந்தால் வண்டிக்கும் அரை மணி நேரம் கிடைக்கும். இரவெல்லாம் நின்று டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் காற்றழுத்தம் சரியாகத் தெரியும். ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் உள்ள தாளில், பெரும்பாலும் குறைந்த சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என இரண்டு அளவுகள் இருக்கும். குடும்பமும் பெட்டியும் ஏறினால் இரண்டாவது அளவு. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறும். வேகத்தில் வெடிப்பது அப்படித்தான். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வண்டியில் இருக்கின்றனவா என்று அப்போதே பாருங்கள். எத்தனை சீட் பெல்ட்டோ அத்தனை பேர் மட்டுமே ஏற வேண்டும். குழந்தை தூங்குகிறதே என்று பெல்ட்டை அவிழ்த்து மடியில் கிடத்தாதீர்கள். மோதும்போது எந்தத் தாயின் கையும் பிடித்து வைக்க முடியாது. பெரியவர்களின் மாத்திரை டிக்கியில் போகாமல் கைப்பையில் இருக்கட்டும்.

வழியெல்லாம் உறவினர்கள் "எங்க வந்துட்டு இருக்கீங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல ஒருவர், அவர் முன்சீட்டில் விழித்திருப்பவர். "உங்களுக்காகத்தான் எல்லோரும் காத்திருக்காங்க" என்ற வார்த்தை ஓட்டுபவரின் காதில் விழவே கூடாது. விழுந்தால் 100-இல் போனவர் 120-ஐத் தொடுவார். 300 கிலோமீட்டருக்கு அதில் மிச்சமாவது காகிதத்தில்கூட அரை மணி நேரம். மோதலின் ஆற்றலோ 44 சதவீதம் கூடிவிடும்.

எதிரணி திரும்பிவரும் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு முழுக்க ஓட்டியவர் பகல் முழுக்கச் சடங்கில் நிற்கிறார். பிற்பகல் 2 முதல் 4 மணி வரை உடம்பு மறுபடி சரிகிறது. மறுநாள் வேலை என்று அன்றைக்கே வண்டியை எடுக்கிறார். எங்கள் அணியின் ஓட்டுநர் எந்நேரம் தூங்கினார் என்று சொல்லிவிட்டேன்: 12 முதல் 6 வரை. திரும்புவதற்கு முன் இன்னொரு முழு இரவும் அங்கேயே தங்கித் தூங்குவார், அதற்கு ஒரு நாள் கூடுதல் விடுப்பை முதல் தொலைபேசியிலேயே கேட்டு வைத்திருக்கிறார். உங்கள் அணியின் ஓட்டுநர் இந்த இரண்டு நாளில் எத்தனை மணிக்குப் படுக்கிறார், எத்தனை மணிக்கு எழுகிறார்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அதை மட்டும் இந்த அவைக்குச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.