காற்புள்ளி போட்டால் கை தேய்ந்தா போகும்?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். அன்றாடம் எழுதுவதற்குக் காற்புள்ளியும் ஒற்றும் வேண்டுமா, புரிந்தால் போதுமா? வேண்டும் என்பது எங்கள் அணி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைக்க வேண்டியவர் பெண்ணின் பெரியப்பா. ஆளைக் காணோம். பெண்ணின் தம்பி மண்டபத்திலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான்: 'பெரியப்பா மாப்பிள்ளை வந்தாச்சு'.

அவன் மனசில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் காற்புள்ளி இருந்தது. போனில் இல்லை! பெரியப்பாவுக்கும் ஒரு மாப்பிள்ளை உண்டு. சீர் விஷயத்தில் தகராறாகி, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. செய்தியைப் படித்த பெரியப்பா, கட்டிய பட்டுவேட்டியை அவிழ்த்துப்போட்டு... பதறாதீர்கள், லுங்கிக்கு மாறி, 'அவன் வந்த இடத்துக்கு நான் வரமாட்டேன்' என்று படுத்துவிட்டார்.

அங்கே ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருக்கிறார்கள். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே மறுபடி வாசிக்கிறார். தம்பி திரும்பவும் போடுகிறான்: 'பெரியப்பா மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார்'. இவர் பதில்: 'நிற்கட்டும்'. அடுத்த நிமிடம் அந்த நிஜ மருமகன் திருப்பூரிலிருந்து கேட்கிறார்: 'நான் எங்கேப்பா நிற்கிறேன்?'

எதிரணித் தங்கை என்ன கேட்டார்? 'வள்ளுவர் ஓலையில் காற்புள்ளி போட்டாரா?' நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். தங்கச்சி, வள்ளுவர் எழுதியது வெண்பா. எங்கே மூச்சு விடுவது என்று சீரே சொல்லிவிடும். நீங்கள் 'கேஸ் வந்துச்சா கரண்ட் பில் கட்டியாச்சா' என்று வெண்பாவிலா அனுப்புகிறீர்கள்? ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி வைக்காத காலம் அது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட ஏடுகளோடு மல்லுக்கட்டி 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்த உ.வே.சா.விடம் போய் 'புரிந்தால் போதும்' என்று சொல்ல முடியுமா? ஆறுமுக நாவலர் உரைநடையில் குறி போட்டு அச்சிட்டது பொழுதுபோகாமலா? குறளுக்காவது பழைய உரைகாரர் பத்துப் பேர் இருந்தார்கள். உங்கள் வாட்ஸ்அப்புக்கு உரை எழுத யார் வருவார்?

ஒற்றைப் பற்றிப் பேச நேரமில்லை. நடுவில் 'க்' இல்லாமல் 'கீரை கடை' என்று பலகை பார்த்தால் மத்தோடு போங்கள், அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம். என் அப்பா நாலாம் வகுப்பு. நான் விடுதியில் படித்தபோது இன்லேண்ட் லெட்டர் போடுவார். 'நீ, நல்லா, சாப்பிடு, பணம், அனுப்பறேன்,' என்று சொல்லுக்குச் சொல் காற்புள்ளி. இலக்கணப்படி அத்தனையும் தப்பு. எதிரணி சிரிக்கட்டும். பகலெல்லாம் தறியில் நின்ற மனுஷன், ராத்திரியில் ஒவ்வொரு சொல்லாக யோசித்து, நிறுத்தி நிறுத்தி எனக்காக எழுதியது அது. அதில் ஒரு காற்புள்ளியை அழிக்க எதிரணியில் யாருக்காவது மனசு வருமா? கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.