ஏழு பை சருகு

நடுவர் அவர்களுக்கும், இந்த ஐப்பசி மழையிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற செங்கோட்டை ஜனங்களுக்கும் வணக்கம். வெளிநாட்டுக்குக் குடிபோன குடும்பங்கள் இழந்ததைவிடப் பெற்றதே அதிகம் என்பது எங்கள் அணி.

நாலு காரணம் எழுதிக்கொண்டு வந்தேன். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். எதிரணித் தம்பி போகிறபோக்கில் சொன்னாரே: "கடன் வாங்கிக் கனடா போன இன்ஜினியர், சனிக்கிழமையானால் வாசலில் நின்று சருகு அள்ளுகிறார். இதுக்கா போனார்?" பந்தலே கைதட்டியது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

தம்பி, சருகு அள்ளிய அந்த இன்ஜினியர் என் மருமகன்.

டொரண்டோவுக்குப் பக்கத்தில் வீடு. போன வருஷம் செப்டம்பர் கடைசியில் போனேன். வாசலில் ஒரு மேப்பிள் மரம். பகல் குறையக் குறைய இலையில் பச்சை வடிந்துபோகிறது. மஞ்சள் புதிதாக வருவது இல்லையாம். பச்சைக்கு அடியில் முதலிலேயே இருந்ததுதான் அப்போது வெளியே தெரிகிறது. சிவப்புதான் இலையில் தங்கின சர்க்கரையிலிருந்து புதிதாக உண்டாகிறது. ஏழு வயசுப் பேத்தி பள்ளிக்கூடத்தில் படித்து வந்து எனக்குச் சொன்ன பாடம்.

பார்க்க அழகுதான். ஆனால் வாசலில் சருகு கிடந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அக்டோபர் கடைசியில் அங்கே ஏழே முக்காலுக்குத்தான் விடிகிறது. எனக்கோ அஞ்சு மணிக்கே முழிப்பு. மகளுடைய குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் பெருக்கினேன். பெருக்கப் பெருக்க விழுகிறது. மறுபடி பெருக்கினேன். மத்தியானத்துக்குள் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு குவியல். அங்கே சருகைப் பிளாஸ்டிக் பையில் வைத்தால் எடுக்க மாட்டார்கள், காகிதப் பையில்தான் வைக்க வேண்டும், உரமாக்கக் கொண்டுபோவார்கள். சரி என்று மிதித்து மிதித்து அடைத்தேன். ஏழு பை! வரிசையாக நிறுத்திவிட்டுக் காப்பி குடித்தேன்.

பேத்தி வந்தாள். மரத்தடியைப் பார்த்தாள். பைகளைப் பார்த்தாள். அப்படியே தெருவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "ஆச்சி, என் மலை எங்கே?" அந்த வருஷம் முழுக்க அவள் காத்திருந்ததே அந்தக் குவியலில் குதிக்கத்தான். எனக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் மருமகன் வந்தார். ஏன் அழுகிறாள் என்று கேட்டார். ஒன்றும் பேசவில்லை. கழுத்துப்பட்டையைக்கூடக் கழற்றவில்லை. வாசல் விளக்கைப் போட்டு, முதல் பையைத் தலைகீழாகக் கொட்டினார். இரண்டாவதைக் கொட்டினார். ஏழாவது பையைப் பேத்தி கையில் கொடுத்துக் கொட்டச் சொன்னார். அவள் குதித்தாள். பின்னாலேயே அவரும் குதித்தார்!

சனிக்கிழமை அந்தச் சருகைத் திரும்பப் பெருக்கி அள்ளியதும் அவர்தான். தம்பி கேலி செய்தது இதைத்தான். நான் நாற்பது வருஷமாக விடியற்காலையில் வாசல் பெருக்குகிறேன். இந்தப் பந்தலில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் பெருக்குகிறாள். அப்போதெல்லாம் யாராவது "இதுக்கா படித்தாய்" என்று கேட்டீர்களா? ஓர் ஆண் பெருக்கினால் மட்டும் அது எப்படிக் கேவலம் ஆகும்? செங்கோட்டையில் இருந்தவரைக்கும் என் மருமகன் விளக்குமாற்றைத் தொட்டதில்லை. அங்கே போய்த் தொட்டார். பெண்ணைப் பெற்றவள் சொல்கிறேன், அது பெற்றதுதான்.

வேர் அறுந்துவிட்டது என்றும் சொன்னார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி, வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே நம் பெரியவர்கள் ராஜ்யம் மாறினார்கள். திருவிதாங்கூர்-கொச்சியில் தூங்கி, சென்னை ராஜ்யத்தில் விழித்தார்கள். கேரளாப் பக்கம் நின்றுபோன புனலூர் சொந்தம் அறுந்ததா? எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இன்றைக்கும் மலையாளத்துக் கணக்கான கொல்லம் ஆண்டு போடுகிறோம்.

அப்புறம் அந்த ராத்திரி நடந்ததைச் சொல்ல வேண்டும். மருமகன் சருகிலேயே உட்கார்ந்திருந்தார். பனி இறங்குகிறது, உள்ளே வாங்க என்றேன். "அத்தை, அறுப்பு முடிஞ்சதும் எங்கப்பா வைக்கோல் படப்பில் என்னை இப்படித்தான் குதிக்க விடுவார்" என்றார். அந்த அப்பா இறந்தபோது விமானம் கிடைத்து அவர் வந்து சேருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்ததைச் செல்போனில்தான் பார்த்தார். அதை நான் மறைக்கவில்லை. இழப்புதான். அதற்குக் கணக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம் பத்தரையாகிவிடும். சாயங்காலம் அஞ்சரைக்கு வருகிற போன் ஆறரைக்கு வரும். என் சம்பந்தியம்மாவுக்கு அது தெரியும். தெரிந்தும் அஞ்சரைக்கே போனை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

முந்தாநாள் போன் வந்தது. பேத்திதான் பேசினாள். கனடாவில் பிறந்த பிள்ளை, வைக்கோலைக் கண்ணால் பார்த்ததில்லை. "ஆச்சி, மரத்தடியில் படப்பு போட்டாச்சு. அப்பாவும் நானும் குதிச்சோம்" என்றாள். படப்பு என்றாள், நடுவர் அவர்களே. சம்பந்தியம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வணக்கம்.